நாலு வாரப் பேனா

ஜனவரி 17, சனி

பொங்கல் லீவு முடிவதற்குள் ஒரு தண்டச் செலவு. மரகதத்தின் முட்டியை எலும்பு டாக்டரிடம் காட்டப் போனோம். போவதற்கு ஆட்டோ, வருவதற்கு ஆட்டோ. இரண்டாவது மாடியிலிருந்து அவளை இறக்கி, திரும்ப ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இனி இந்தப் படியில என்னால முடியாதுங்க" என்று அழுதாள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். எனக்கு மானம் போயிற்று.

டாக்டர் சொன்னது இதுதான். இந்த எடையோடு முட்டி ஆபரேஷன் செய்ய மாட்டார். பத்து கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி ஒன்று இருக்கிறதாம். பேனா மாதிரி இருக்குமாம், ஒரு பேனாவில் நாலு வாரத்துக்கு மருந்து. பிறகு என் வயிற்றைப் பார்த்தார், என் சர்க்கரை அளவைக் கேட்டார். "நீங்களும் போட்டுக்கலாம் சார். ரெண்டு பேருக்குமே நல்லது" என்றார். வைத்தியம் பார்க்கப் போனால் கூட வந்தவனையும் பிடித்துப் படுக்க வைக்கிற காலம்.

கீழே மருந்துக்கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன தொகையில் எங்கள் கம்பெனியில் ஒரு பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி முழுக்க வாங்கிப் போட்டுவிடலாம். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். பார்க்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

கரூரில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் கொள்முதல் பிரிவை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு நட்டு வாங்கியதில்லை. எத்தனையோ கில்லாடி சப்ளையர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஊசி ஆப்காரர்கள் மாதிரி ஒரு கூட்டத்தை நான் கண்டதே இல்லை.

பச்சை நிற ஆப்: "மாதம் 2,999 முதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அந்த 'முதல்' என்பதில்தான் மொத்த வில்லங்கமும். அது முதல் மாதச் சின்ன டோஸுக்கு மட்டும். அடுத்த மாதம் டோஸ் ஏறும், விலையும் கூடவே ஏறும். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். ஊசி முனை தனி. ஐஸ் பெட்டியில் அனுப்புவதற்குத் தனி. டாக்டர் ஆலோசனை இலவசம், ஆனால் ஆலோசனை கேட்க உறுப்பினராக வேண்டும், உறுப்பினராவதற்குக் காசு.

ரோஸ் நிற ஆப்: எல்லாம் சேர்த்து ஒரே விலை என்கிறான். கடைசிப் பக்கத்துக்குப் போனால் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று முளைக்கிறது. யாருக்கு வசதி?

நீல ஆப்: விலை எழுதியே இல்லை. போன் நம்பரைக் கொடுத்தால் சொல்வானாம். கொடுத்தேன். விலையைச் சொல்லவில்லை. ராத்திரி வரை பதினோரு பேர் கூப்பிட்டார்கள், அதில் ஒருத்தன் வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டான்.

எங்களிடம் ஒரு சப்ளையர் இப்படிக் கொட்டேஷன் கொடுத்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பேன். நோயாளி என்றால் கணக்குப் பார்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிட்டார்கள்.

ஜனவரி 22, வியாழன்

ஒப்பீட்டுப் பட்டியலை முடித்துவிட்டேன். எப்படிப் போட்டாலும் இரண்டு பேருக்கு வாங்குவது கட்டுபடியாகாது. இப்போதைக்கு ஒருவருக்கு. சர்க்கரை என்பது வியாதி, ஆகையால் முதலில் நான். மரகதத்துக்கு இருப்பது வெறும் உடம்பு பெருத்தது. வாயைக் கட்டி, ஹாலுக்கும் சமையலறைக்குமாகக் காலையும் மாலையும் நடந்தால் தானாகக் குறையும். எனக்கு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று மாதம் பார்த்துவிட்டு அவளுக்கு வாங்கலாம். எங்கள் கம்பெனியில் எந்தச் சாமானையும் இப்படிச் சாம்பிள் பார்த்துத்தான் வாங்குவோம்.

அவளிடம் பட்டியலைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "சரிங்க" என்றாள். நல்லவேளை, கணக்கை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவள்.

பச்சை ஆப்புக்கு ஆர்டர் போட்டாயிற்று.

ஜனவரி 25, ஞாயிறு

பேனா வந்தது. முதல் ஊசி. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, ஆனால் ஊசி உள்ளே இறங்குவதைப் பார்க்கப் பிடிக்காது. மரகதம்தான் வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டு போட்டுவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். வலியே தெரியவில்லை. பேனாவைத் துடைத்து ஃப்ரிட்ஜ் கதவில் தக்காளி சாஸ் பக்கத்தில் வைத்தாள். இனி ஞாயிறுதோறும் அவள் பொறுப்பு.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரண்டாவது ஊசி. பசி நன்றாகக் குறைந்திருக்கிறது. ராத்திரி மூன்று தோசையோடு எழுந்துவிட்டேன். மரகதம் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். நான் சொன்னதை மதித்து வாயைக் கட்டுகிறாள் போல.

பிப்ரவரி 8, ஞாயிறு

அயோக்கியர்கள். பேனா தீர்ந்துவிட்டது.

நாலு வாரப் பேனாவில் இரண்டே ஊசிதான் போட்டிருக்கிறது. மூன்றாவதுக்கு எடுத்தால் அளவு வைக்கிற டயலே திரும்பவில்லை என்கிறாள் மரகதம். பாதி மருந்து ஊற்றி முழு விலை வாங்கியிருக்கிறான். பெட்ரோல் பங்கில் இப்படிச் செய்தால் ஊரே கூடி அடிக்கும். இவன் ஐஸ் பெட்டியில் வைத்து மரியாதையாக அனுப்புகிறான், நாமும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

ஊசி முனைப் பெட்டியிலும் குறைகிறது. அதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பச்சை ஆப்காரனின் வாடிக்கையாளர் சேவை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு குரல் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தனை முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே. கடைசியில் ஒரு பெண் வந்தாள். ஊசி போடுவது யார் என்று கேட்டாள். என் சம்சாரம் என்றேன். அவரோடு பேச வேண்டும் என்றாள். போனை மரகதத்திடம் கொடுத்தேன்.

எத்தனை தடவை போட்டீர்கள், டயலை எந்த எண்ணில் வைத்தீர்கள், மருந்து வெளியே ஒழுகியதா என்று அந்தப் பெண் குடைந்தாள். மரகதம் "சொட்டு ஒழுகலைங்க. அளவு சரியாத்தான் வெச்சனுங்க" என்று மட்டும் சொன்னாள். முகம் வேர்த்துவிட்டது. பாவம், இந்த மாதிரி விசாரணையெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. நான் போனைப் பிடுங்கி, என் மனைவியைக் குற்றவாளி மாதிரி விசாரிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன்.

குளிர்ப்பெட்டியில் போகிற மருந்தைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மூன்று மாதப் பணமும் திரும்ப வராதாம். மாதம் ஒன்றாக மீதிப் பேனாக்களை அனுப்புவார்களாம். வேண்டாம், நீங்களே குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சாயங்காலம் மரகதம், "அந்தப் புள்ள மேல ஏனுங்க கோவம், அது சம்பளத்துக்கு வேல பாக்குது" என்றாள். இவளுக்கு எல்லார் மேலும் இரக்கம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரோஸ் ஆப்புக்கு மாறியாயிற்று. வசதிக் கட்டணம் கொடுத்துத் தொலைத்தேன். அவர்களுடைய டாக்டர் வீடியோவில் வந்தார். பெயர், வயது, எடை. அவ்வளவுதான். நான் என் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டுவதற்குள் "ஆல் த பெஸ்ட்" என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் உள்ளே வருகிற லாரியை இதைவிட அதிகம் சோதிப்பார்.

ஊசி போட்டாயிற்று. மரகதம் வெள்ளிக்கிழமை விரதத்தோடு இப்போது செவ்வாயும் சேர்த்திருக்கிறாள். முருகனுக்கு என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அதை நாம் கேட்கலாமா என்றாள் மரகதம். வீட்டுக்காரர் ஆயிரத்தைந்நூறு கூடுதலாகச் சொல்கிறார். முட்டி சரியாகப் போகிறது, பிறகு எதற்குக் கீழ்வீடு என்றேன். அவள் கொடியில் காயப்போட்ட துணியை எடுத்து மடித்தாள். ஜாக்கெட்டெல்லாம் தையல் பிரித்துப் பிடித்திருந்தது. வயதான காலத்தில் என்ன தையல் வேலையோ.

மார்ச் 1, ஞாயிறு

இதுவும் தீர்ந்துவிட்டது. இதிலும் இரண்டே ஊசி.

இது ஒரு கம்பெனியின் தவறு இல்லை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சப்ளையர்கள் டெண்டரில் கூட்டுச் சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். இது அதேதான். வாய்விட்டுக் கத்தினேன். மரகதம், "விடுங்க, கத்தினா சர்க்கர ஏறும்" என்று மோர் கொண்டுவந்தாள். எப்படி விடுவது? நான் பார்க்காவிட்டால் இந்த ஊரில் எத்தனை அப்பாவிகள் ஏமாறுவார்கள்!

மார்ச் 2, திங்கள்

ரோஸ் ஆப் டாக்டரிடம் மருந்து குறைவு என்று முறையிட்டேன். அவர் நான் டோஸ் போதவில்லை என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார் போல. ஒரு படி உயர்த்தி எழுதிவிட்டார், அதற்கேற்ற விலையோடு. வாதாட ஆரம்பித்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று திரை அணைந்துவிட்டது. நூறு ரூபாய் கட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் பேசலாமாம். கட்டவில்லை. ஆர்டர் போட்டேன். என்ன செய்வது, பாதியில் நிறுத்தினால் குறைந்த எடை திரும்ப ஏறிவிடும் என்கிறார்கள்.

மார்ச் 14, சனி

அரை நாள் ஆபீஸ். வீட்டுக்கு வந்தால் மரகதம் முதல் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திடுக்கிட்டுப் போனேன். என்ன இங்கே என்று கேட்டேன். காயப்போட்ட துண்டு பறந்து விழுந்துவிட்டது, எடுக்க வந்தேன் என்றாள். கையில் துண்டு இல்லை. யாரோ எடுத்துப் போயிருப்பார்கள், இந்தக் குடியிருப்பில் எதையும் வெளியே வைக்க முடிவதில்லை.

ஆனால் ஒன்று. முன்பு மாதிரி அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. என்னவென்று கேட்டேன். ஒண்ணுமில்லீங்க என்றாள். அந்தச் சிரிப்போடு எனக்கு முன்னால் படியேறினாள், நிதானமாக, நிற்காமல்.

மார்ச் 22, ஞாயிறு

எடை பார்த்தேன். ஜனவரியிலிருந்து நாலு கிலோ குறைந்திருக்கிறது. பாதி மருந்திலேயே நாலு என்றால் முழு மருந்து கொடுத்திருந்தால் எட்டு. இந்தக் கணக்கையும் புகாரில் எழுத வேண்டும்.

ராத்திரி மகள் கிருத்திகா பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினாள். பின்னால் மரகதம் கடந்து போனதைப் பார்த்துவிட்டாள். "அப்பா, அம்மா முகமே வத்திப் போச்சு, கவனிக்கிறீங்களா?" என்றாள். விரதம் இருக்கிறாள், நடக்கிறாள், குறைகிறது என்றேன். காசு செலவில்லாமல் குறைக்க முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னதை ஞாபகப்படுத்தினேன். மரகதம் போனுக்கு முன்னால் வரவில்லை. சமையலறையில் வேலை இருக்கிறது என்று குரல் கொடுத்தாள்.

ஏப்ரல் 4, சனி

புகார் தயாராகிறது. மார்ச்சில் வாங்கிய பேனாக்களும் இரண்டிரண்டு ஊசியோடு தீர்ந்துவிட்டன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பச்சை, ரோஸ் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கிறேன். நஷ்ட ஈடு, மன உளைச்சலுக்குத் தனி. ஆபீஸில் படித்துக் காட்டினேன். வக்கீல் எழுதிய மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மரகதத்துக்கு மூன்று நாளாக வாந்தி. பித்தம் என்கிறாள். வெயிலும் அப்படி அடிக்கிறது. எலுமிச்சை, சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தமிழ் வருஷப் பிறப்பு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி என்று எல்லாம் செய்தாள். இலை போட்டு எனக்குப் பரிமாறிவிட்டு அவள் படுத்துவிட்டாள். வாசனையே ஆகவில்லையாம். நானும் கொஞ்சம்தான் சாப்பிட்டேன். இரண்டு பேரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு எதற்கு இவ்வளவு சாமான்? எழுந்து பாத்திரம் கழுவப் போனவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று வேகமாகச் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ரெண்டு கிலோதானுங்க" என்றாள். எதற்கு இரண்டு கிலோ என்று கேட்க நினைத்தேன், அதற்குள் நீல ஆப்காரன் போன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். பேனாவில் மருந்து குறைவு என்று நான் சொன்னால் போதாது. ஊசி போட்டவர் மரகதம், ஆகையால் அவள் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால்தான் கேஸ் நிற்கும். அதையும் நானே எழுதி எடுத்துவந்தேன். 'என் கணவருக்கு வாரம் ஒரு முறை மட்டும் ஊசி செலுத்தினேன் என்றும், வேறு எவ்வகையிலும் மருந்து செலவாகவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போடச் சொன்னேன்.

படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். "சத்தியமா பண்ணணுமுங்க?" என்று கேட்டாள். ஆமாம், பிரமாணம் என்றால் சத்தியம்தான் என்றேன். நாளைக்குப் போடுகிறேன் என்று காகிதத்தை மடித்து வைத்தாள். ஒரு கையெழுத்துக்கு என்ன நாளை? எனக்குக் கோபம் வந்தது. ஊருக்காகப் போராடுகிறேன், வீட்டில் ஒத்துழைப்பு இல்லை. இன்றைக்கு ஊசி முதல் தடவையாக வலித்தது.

ஏப்ரல் 20, திங்கள்

ஆபீஸுக்குப் போன் வந்தது. எதிர்வீட்டு அம்மா. மரகதம் சமையலறையில் விழுந்து கிடக்கிறாள்.

நான் போவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் மாடித் திருப்பத்தில் எதிர்ப்பட்டேன். கண் பாதி மூடியிருந்தது. நாற்காலி பாரமே இல்லாத மாதிரி இறங்கியது.

ஏப்ரல் 21, செவ்வாய்

உடம்பில் தண்ணீரே இல்லையாம், உப்புச் சத்து மிகவும் இறங்கிவிட்டதாம். தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் ட்யூட்டி டாக்டர். சின்னப் பெண். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் இல்லை, முட்டிக்குத் தைலம் மட்டும் என்றேன்.

கட்டிலிலிருந்து மரகதம் பேசினாள். "ஜனவரியிலருந்து ஊசி போட்டேன் டாக்டர். அவருக்குப் போட்டுட்டு அதே பேனால எனக்கும். முனை மட்டும் மாத்திக்குவேன். அவருக்கு என்ன அளவோ அதேதான் எனக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். ஜனவரியிலிருந்தா, தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்று மறுபடியும் சொன்னேன், அது உண்மைதான். ஒரு பேனாவை இரண்டு பேர் போட்டுக்கொள்ளக் கூடாது, முனை மாற்றினாலும் ரத்தத்தில் வருகிற வியாதி தொற்றும் என்று அவர் என்னைத் திட்டினார். என்னை! நானா போடச் சொன்னேன்?

டாக்டர் போனதும் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. நான் கோபமாகத்தான் கேட்டேன். அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. இரண்டரை மாதமாகப் பச்சைக்காரனிடமும் ரோஸ்காரனிடமும் தொண்டை கிழியக் கத்தினேனே, பக்கத்தில் நின்று மோர் கொடுத்தாளே என்ற கோபம்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மருந்து எங்க போச்சுன்னு ஊர்ல இருக்கற அத்தன பேரையும் கேட்டீங்க. எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனுங்க."

குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நர்ஸைத் தேடிப் போனேன். தீரவில்லை, பாதி இருந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

டிஸ்சார்ஜ். குளித்தலையிலிருந்து அவள் அண்ணன் ரத்தினசாமி கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. பில்லை நான் சரிபார்த்துக் கட்டிவிட்டு வருவதற்குள் அவள் காரில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத்தானே என்றேன். "நான் அண்ணன் வீட்டுக்குப் போறனுங்க. அங்க படி இல்ல. எறங்கிட்டேன், இனி அங்க ஏற மாட்டேன்" என்றாள்.

மச்சான் என் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாள் இருக்கட்டுங்க மாப்ள" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? அதை இவர் யார் முடிவு செய்வதற்கு? என் மனைவி, என் வீடு. கார் போன பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இதையெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஊசி போடவில்லை.

மே 3, ஞாயிறு

ஆணையத்துக்கு எழுதிய புகாரைக் கிழித்துப் போட்டேன். ஆனால் பச்சைக்காரனின் மூன்று மாதக் கட்டணம் மோசடிதான், ரோஸ்காரனின் வசதிக் கட்டணமும் மோசடிதான். அதில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. நாலைந்து கேள்வி ஒழுங்காகக் கேட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, மாதம் ஒரு தடவை வரச் சொல்கிற டாக்டர் இருந்தால் இப்படி நடக்குமா? ஊசியைப் புளி, பருப்பு மாதிரி கூரியரில் அனுப்புகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன உடம்பு என்று எவனும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை.

தோசை மாவு புளித்துவிட்டது. உப்புமா.

மே 11, திங்கள்

மரகதம் போன் செய்தாள். அவளாகவே. குரல் தெளிவாக இருக்கிறது. தினம் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை நடக்கிறாளாம். அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் மச்சான் கூட்டிப்போயிருக்கிறார். ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து மிகச் சின்ன அளவில் அதே ஊசியை ஆரம்பிக்கலாம், தானே மேற்பார்வை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். இன்னும் கொஞ்சம் குறைந்தால் முட்டி ஆபரேஷன்.

"அண்ணன் வாங்கித் தர்றேங்குது. நீங்க வாங்கிட்டு வருவீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

கண் கலங்கிவிட்டது. இதை எழுதுவதற்கு வெட்கமில்லை. உடனே உட்கார்ந்து புதிதாக ஒப்பீட்டுப் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

மே 17, ஞாயிறு

நீல ஆப்தான் கடைசியில் சரிப்பட்டது. நாலு மாதமாகத் துரத்தியதற்கு நல்ல விலை கொடுத்தான். என் மருந்துச் சீட்டு ரோஸ் ஆப்பில் ஏற்கெனவே இருந்ததால் அதையே ஏற்றிவிடலாம், ஆலோசனைக் கட்டணம் மிச்சம். ஏற்கெனவே ஊசி போடுகிறவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. சின்ன டோஸ் பேனாவாகக் கேட்டு வாங்கினேன். மருந்துக்கடை விலையில் பாதிக்கும் கீழே. இதைவிடக் குறைவாக யாரும் வாங்கியிருக்க முடியாது.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குளித்தலை பஸ்ஸில் போனேன். மரகதம் வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரி இல்லை. கேட்டைத் திறக்கத் தானே நடந்து வந்தாள். நான் பெட்டியை நீட்டினேன். விலையையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தாள். சென்னியப்பன், ஆண், ஐம்பத்தேழு வயது.

"உங்க பேர்ல வாங்கியிருக்கீங்க" என்றாள். விளக்கினேன். புதுப் பெயரில் பதிந்தால் தள்ளுபடி கிடையாது, ஆலோசனைக்குத் தனிக் காசு, மருந்து எல்லாம் ஒன்றேதான் என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஜனவரியில் கேட்ட அதே பொறுமையோடு. இந்தத் தடவை "சரிங்க" என்று சொல்லவில்லை.

"உங்க பேர்ல வந்த மருந்தத்தான் இத்தன நாளும் திருடிப் போட்டனுங்க. இனி என் பேர்ல வந்தாத்தான் போடுவேன்" என்றாள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போங்க என்று உள்ளே போனாள்.

சாப்பிடவில்லை. ரோஷமாகக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை கொதித்துக்கொண்டே நடந்தேன். பேரில் என்ன இருக்கிறது? அலைந்து திரிந்து, நாலு பேரிடம் பேரம் பேசி, ஐஸ் உருகாமல் கொண்டுவந்தவனுக்கு இதுதான் மரியாதையா? இந்த மாதிரி முழு விலை கொடுத்து வாங்குகிற ஜனங்களால்தான் கம்பெனிக்காரன் கொழுக்கிறான். யாரிடம் சொல்வது இதை?

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மருந்துக்கடை. சும்மா விலை விசாரிக்கத்தான் ஏறினேன், சத்தியமாக. ஜனவரியில் கரூர் கடைக்காரர் சொன்ன அதே விலை, ஒரு பைசா குறையவில்லை. யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர்.

"மரகதம்" என்றேன். "என் சம்சாரம்."

சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார் அவர். கறாரான மனுஷன். இத்தனை மாதத்தில் போட்டுக்கொள்கிறவர் பேரில் சீட்டு கேட்ட முதல் ஆள் இவர்தான். டாக்டரம்மா எழுதிய சீட்டு மரகதத்திடம் இருக்கிறது. திரும்பிப் போய் அவளிடம் கேட்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதாக ஞாபகம் இல்லை, சொல்லித்தான் பழக்கம். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

கரூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, வந்த வழியே நடந்தேன்.